ஏலத்தோட்டத்து எடைக்கணக்குக்கு இணையச் செயலி: தொழில்நுட்பத்தைத் தேர்வது முதல் களத்தில் இறக்குவது வரை

கம்பத்தில் விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புகிறவர்கள் ஏராளம். காய் எடுப்புக்கு எடைக்கூலி பேசியிருக்கும் தோட்டத்தில் அவர்களின் அன்றைய உழைப்பு, எடைமேடையில் எழுதப்படும் ஒரே ஒரு வரி. அந்த வரியை நோட்டிலிருந்து ஃபோனுக்குக் கொண்டுவரும் செயலியை எந்தத் தொழில்நுட்பத்தில், எந்த வரிசையில் கட்டுவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

நான் இப்படி ஒன்றைக் கட்டி முடித்தபின், தேனி, கம்பம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் என்னோடு உட்கார்ந்து இதே வேலையைப் பழகினார்கள். அநேகமாக எல்லோரும் முதல் நாள் கேட்டது, “ரியாக்டா, ஃப்ளட்டரா அண்ணே?” என்றுதான். இரண்டும் செயலி கட்ட உதவும் ஆயத்தக் கருவித்தொகுப்புகள், அதாவது ஃபிரேம்வொர்க்குகள். அந்தக் கேள்வி நான்காவது படிக்கு உரியது. முன்னால் உள்ள மூன்றையும் தாண்டிக் குதித்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது முழுச் செயலியையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஃபோன். உங்கள் ஃபோனை விடுங்கள். கணக்கப்பிள்ளை கையில் இருக்கும் ஃபோன், அல்லது அதே விலையில் பழசாக ஒன்று. நினைவகம் குறைந்த, வாட்ஸ்அப் வீடியோவால் நிரம்பிய ஃபோனாக இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் எடுக்கப்போகும் முடிவுகளில் பாதியை அந்த ஃபோன்தான் எடுக்கும்.

இரண்டாவது, தோட்டத்து எடை நோட்டில் ஒரு வாரப் பக்கங்களின் படம். அடித்தல் திருத்தல் எல்லாவற்றோடும் வேண்டும். அடித்து எழுதிய இடங்கள்தான் செயலிக்கு என்னென்ன தேவை என்று சொல்லும்.

மூன்றாவது, பாதுகாப்பான இணைப்புள்ள, அதாவது எச்டிடிபிஎஸ் வேலை செய்யும் ஒரு சர்வர் முகவரி. இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது: ஆஃப்லைனில் பக்கத்தைத் திறக்க உதவும் சர்வீஸ் வொர்க்கர் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே ஓடும். லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது கணினி தன்னையே குறிக்கும் முகவரிக்கு, விலக்கு உண்டு என்பதால் உங்கள் லேப்டாப்பில் எல்லாம் சரியாக இருக்கும். அதே லேப்டாப்பை வைஃபை வழியாக 192.168 என்று தொடங்கும் முகவரியில் ஃபோனிலிருந்து திறந்தால் சர்வீஸ் வொர்க்கர் பதிவே ஆகாது. ஒரு பையன் இரண்டு நாள் தன் நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தான், நிரலில் ஒரு குறையும் இல்லை. சோதனைக் காலத்தில் ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, குரோமின் போர்ட் ஃபார்வர்டிங் வழியாகத் திறங்கள். அப்போது ஃபோனுக்கும் அது லோக்கல்ஹோஸ்ட்தான்.

2. சிக்னலை நடந்து பாருங்கள்

எடைமேடை, ஸ்டோர், ஆபீஸ், ஜீப் நிற்கும் இடம் ஆகிய நான்கிலும் காலை, மாலை இரு வேளையும் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். ஒரு சின்னப் பக்கத்தைத் திறந்து, எத்தனை நொடி ஆகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். எல்லையோரச் சரிவுகளில் ஃபோன் ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரையும் இன்னொரு நேரம் கேரளத்து டவரையும் பிடிக்கும். மாறும் நேரத்தில் கோடு இருக்கும், டேட்டா வராது.

செயலிக்குள்ளும் இதே கதைதான். பிரவுசர் தரும் ‘ஆன்லைனா’ என்ற குறி, ஃபோன் ஏதோ ஒரு நெட்வொர்க்கில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். சர்வரை எட்ட முடியுமா என்பதைச் சொல்லாது. அந்தக் குறியை வைத்து ‘சேமிக்கவா, அனுப்பவா’ என்று முடிவெடுக்கும் நிரல் எடைமேடையில் உறைந்து நிற்கும்.

3. ஒரு வரியை வடிவமையுங்கள்

திரை வரைய இன்னும் நேரம் இருக்கிறது. நோட்டுப் படத்தை எடுத்து, ஒரு எடைப்பதிவில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: யார், எந்தப் பகுதி, எவ்வளவு எடை, எப்போது, யார் எழுதியது. இதைத் தெளிவாக்காமல் ஃபிரேம்வொர்க் எடுத்தால், அதன் மாதிரிப் பயிற்சியில் வரும் வடிவத்துக்குள் உங்கள் கணக்கைத் திணிக்க வேண்டி வரும்.

எடையை கிராமில் முழு எண்ணாக வையுங்கள், கூலியைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் சரியாக 0.3 வராது. 12 கிலோ 400 கிராம் என்பதை 12.4 என்று வைத்து அறுபது பேருக்குக் கூட்டினால், ஸ்டோர் கணக்குக்கும் கூலிக் கணக்குக்கும் இடையே ஒரு சின்ன வித்தியாசம் எங்கிருந்தோ முளைக்கும். அந்த வித்தியாசம் சின்னது என்று சம்பள நாளில் யாரிடமும் சொல்லி முடியாது.

பதிவுக்கான அடையாள எண்ணை ஃபோனிலேயே உருவாக்குங்கள். யுயுஐடி என்ற நீளமான எண்ணைப் பிரவுசரே தரும். சர்வர் 1, 2, 3 என்று எண் கொடுக்கட்டும் என்று விட்டால், சிக்னல் இல்லாத இடத்தில் பதிவுக்குப் பெயரே இருக்காது.

பதிவை ஒருபோதும் மாற்றி எழுதாதீர்கள். தவறு நேர்ந்தால், பழையதை ரத்து செய்யும் புதிய வரி ஒன்று சேருங்கள். இதன் காரணத்தை எடைமேடையில்தான் நான் புரிந்துகொண்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே வரிசையில் நின்ற ஒரு அக்கா, “தம்பி, மத்தியானம் பதிமூணு கிலோன்னு சொன்னீக, இப்ப பன்னெண்டுன்னு காட்டுதே?” என்று கேட்டார். நடுவில் யாரோ திருத்தியிருக்கிறார்கள். யார், ஏன் என்று செயலியில் தடயம் இல்லை. நோட்டாக இருந்தால் அடித்த கோடாவது தெரிந்திருக்கும். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று இரவே திருத்தும் பட்டனை எடுத்துவிட்டேன்.

4. போட்டியில் இருப்பவற்றை வடிகட்டுங்கள்

இப்போது உங்களிடம் ஃபோன், சிக்னல் குறிப்பு, பதிவின் வடிவம் மூன்றும் இருக்கின்றன. இவற்றை வைத்து ஒவ்வொன்றையும் கேள்வி கேளுங்கள்.

பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்து ஓட்டிய ஃபிளாஷ் அல்லது சில்வர்லைட்டில் எழுதிய பழைய செயலி ஒன்றை மாற்றித் தரச் சொல்லிக் கொடுத்தால், அதிலிருந்து கணக்கு விதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடனும், சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபர் 12-உடனும் முடிந்தது. ஓட்டவே பிரவுசர் இல்லாததைத் தட்டிச் சரிசெய்ய நேரம் போடாதீர்கள். ஆங்குலர் என்ற ஃபிரேம்வொர்க்கின் பழைய பதிப்பான ஆங்குலர்ஜேஎஸுக்கான ஆதரவும் 2021 இறுதியில் நின்றுவிட்டது. இன்றைய ஆங்குலர் வேறு.

சர்வரே பக்கத்தை வரைந்து அனுப்பும் முறை, அதோடு எச்டிஎம்எக்ஸ் போன்ற சின்ன நூலகம்: கற்க எளிது, ஃபோனுக்குப் பாரம் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு தட்டலுக்கும் சர்வர் பதில் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டின் பிளேசர் சர்வர் இன்னும் ஒரு படி மேலே, அறுபடாத இணைப்பைக் கேட்கும். ஆபீஸில் பிராட்பேண்டில் உட்கார்ந்து பார்க்கும் அறிக்கைத் திரைகளுக்கு நான் இன்றும் எச்டிஎம்எக்ஸைத்தான் எடுப்பேன். எடைமேடைக்கு எடுக்கவே மாட்டேன்.

பிளேசர் வெப்அசெம்பிளி: சி ஷார்ப் என்ற நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு மனசு இங்கேதான் போகும். அந்த மொழியை ஓட்டும் டாட்நெட் இயக்கமே பிரவுசருக்குள் இறங்கி ஓடுவதால் முதல் இறக்கம் (டவுன்லோட்) மெகாபைட் கணக்கில் இருக்கும். சர்வீஸ் வொர்க்கரோடு கட்டினால், ஒருமுறை இறங்கியபின் ஆஃப்லைனில் ஓடும். பழைய ஃபோனில் திறக்க எடுக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஃப்ளட்டர்: ஒரே நிரலில் ஆண்ட்ராய்டு ஆப், ஐஃபோன் ஆப், வெப் மூன்றும் என்பது உண்மை. வெப்பில் அது எழுத்தையும் பட்டனையும் பிரவுசரிடம் கொடுக்காமல் தானே கேன்வாஸ் என்ற வெற்றுப் பலகையில் வரைகிறது. வரைவதற்கான கேன்வாஸ்கிட் மட்டுமே ஏறத்தாழ ஒன்றரை எம்பி. அதைவிட நம்மவர்களைக் குழப்பும் விஷயம் எழுத்துரு. ஆப்போடு தமிழ் எழுத்துருவைச் சேர்க்காவிட்டால், வெப் பதிப்பு அதை இணையத்திலிருந்து எடுத்துவரப் பார்க்கும். கம்பத்து வீட்டில் அழகாகத் தெரிந்த பெயர்ப்பட்டியல் மலையில் வெறும் கட்டங்களாக நின்றதற்குக் காரணம் அதுதான். எழுத்துருவை ஆப்புக்குள் வைத்தால் தீர்ந்தது. மலையாளத்துக்கும் தனியாக வைக்க வேண்டும்.

ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட்: மூன்றும் பிரவுசரின் சொந்த எச்டிஎம்எல்லையே பயன்படுத்துவதால் தமிழ் எழுத்தை ஃபோனே காட்டிவிடும். ஆஃப்லைன் வேலைக்கு மூன்றும் போதும். ஸ்வெல்ட், ஃபோனுக்கு வருமுன் செயலியைக் கட்டும் நேரத்திலேயே பெரும்பாலான வேலையை முடித்துவிடுவதால் சின்னச் செயலிக்கு இறக்கம் குறைவு. ரியாக்ட் தெரிந்தவர்கள் அதிகம், நீங்கள் வேறு ஊருக்குப் போனால் அடுத்தவர் எடுத்து நடத்த முடியும். இந்தக் கடைசிக் காரணத்தை இளைஞர்கள் குறைத்து மதிக்கிறார்கள். தோட்டம் பத்து வருஷம் ஓடும், நீங்கள் அங்கே பத்து வருஷம் இருக்கமாட்டீர்கள்.

கடைசிக் கேள்வி, தராசு. எடை தானாக ஃபோனுக்கு வர வேண்டுமா? வெப் புளூடூத் ஆண்ட்ராய்டு குரோமில் உண்டு, ஐஃபோன் சஃபாரியில் இல்லை. அதுவும் லோ எனர்ஜி வகைப் புளூடூத்தோடு மட்டுமே பேசும். பழைய வகைப் புளூடூத் உள்ள தராசு என்றால், வெப் செயலியைக் கெப்பாசிட்டர் போன்ற உறைக்குள் வைத்து ஆண்ட்ராய்டு ஆப்பாக்க வேண்டும், அல்லது ஃப்ளட்டரில் ஆப்பாகவே எழுத வேண்டும். தராசு வாங்கியபின் இதைக் கண்டுபிடிப்பவர்கள் அதிகம். வாங்குமுன் கேளுங்கள்.

5. ஒரே திரையை இரண்டில் கட்டுங்கள்

வடிகட்டியபின் பெரும்பாலும் இரண்டு மிஞ்சும். எனக்கு மிஞ்சியவை ஸ்வெல்ட்டும் ஃப்ளட்டரும். இரண்டிலும் ஒரே திரையை, அதாவது பெயரைத் தேடி, எடையைத் தட்டி, சேமிக்கும் திரையை மட்டும் கட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள். லாகின், அறிக்கை, அமைப்புப் பக்கம் எதுவும் வேண்டாம். அவை எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் வரும், தேர்வுக்கு உதவாது.

பிறகு ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு, செயலியை முழுக்க மூடித் திறங்கள். திறக்கிறதா? திறக்க எத்தனை நொடி? அடுத்து, கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து நோட்டிலிருந்து இருபது வரி ஏற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதீர்கள். எந்த இடத்தில் விரல் தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

விரலை நனைத்துக்கொண்டும் ஒருமுறை செய்து பாருங்கள். காய் எடுப்புக் காலத்தில் பெரும்பகுதி மழையோடுதான் போகும். ஈரத்திரையில் சின்னப் பட்டன் பக்கத்துப் பட்டனாகப் பதியும். எண் தட்டும் இடத்தில் எண் விசைப்பலகை மட்டுமே வரும்படி வைப்பதும் இதற்காகத்தான்.

6. ஆஃப்லைனை முதலில் கட்டுங்கள்

ஆன்லைனில் கட்டிவிட்டு ஆஃப்லைனைப் பிறகு சேர்க்கலாம் என்ற நினைப்புதான் நான் பார்த்த பிழைகளிலேயே அதிக நாளைத் தின்றது. பதிவு எப்போதும் முதலில் ஃபோனுக்குள் போக வேண்டும். சர்வர் என்பது பிறகு நடக்கும் வேலை. இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொரு திரையும் சர்வருக்குக் காத்திருக்கும்படி எழுதப்பட்டுவிடும்.

பிரவுசரின் எளிய சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைக்காதீர்கள். பொதுவாக ஐந்து எம்பியோடு நின்றுவிடும், வெறும் எழுத்துச் சரங்களை மட்டுமே ஏற்கும், எழுதும் நேரத்தில் திரையையும் நிறுத்தும். தமிழ்ப் பெயர்களும் படங்களும் சேர்ந்தால் ஐந்து எம்பி சீக்கிரம் போய்விடும். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளமான இன்டெக்ஸ்டு டிபியைப் பயன்படுத்துங்கள்.

அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அங்கே படிப்பதும் எழுதுவதும் டிரான்சாக்‌ஷன் என்ற ஒரு தொகுப்புக்குள்தான் நடக்கும். ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துக்கொண்டு நடுவில் சர்வருக்கு அழைப்பு விட்டால், பதில் வருவதற்குள் அந்த டிரான்சாக்‌ஷன் தானாக முடிந்துவிடும். அடுத்த எழுத்து பிழையாகும். லேப்டாப்பில், வேகமான இணைப்பில்கூட இது நடக்கும். படிப்பதை முடியுங்கள், பிறகு அனுப்புங்கள், பிறகு எழுதப் புதிதாக ஒன்று திறங்கள்.

இனி, சேமித்தது அங்கேயே இருக்குமா என்பது. பிரவுசர், இடம் போதாதபோது தளங்களின் தரவை அழிக்கலாம். முதல் படியில் வீடியோ நிரம்பிய ஃபோன் வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். நிலையான சேமிப்புக்கான அனுமதியை நேவிகேட்டர் ஸ்டோரேஜின் பெர்சிஸ்ட் அழைப்பால் கேளுங்கள், கிடைத்ததா என்று திரையிலேயே காட்டுங்கள். ஐஃபோனில் இன்னொரு விதி: ஏழு நாள் சஃபாரியைப் பயன்படுத்தியும் உங்கள் தளத்தை மட்டும் தொடாமல் இருந்தால், அது எழுதிய தரவைச் சஃபாரி அழித்துவிடும். ஏலத்தில் ஒரு பகுதியில் காய் எடுத்தபின் அதே இடத்துக்குத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்தப் பகுதி மேற்பார்வையாளர் இடையில் செயலியைத் திறக்காமலே இருக்கலாம். முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு இந்த ஏழு நாள் விதி பொருந்தாது. ஆகவே ஐஃபோன்காரர்களுக்கு முகப்பில் சேர்ப்பதைக் கட்டாயப் படியாக வையுங்கள்.

7. அனுப்பும் வரிசை

சேமித்த ஒவ்வொரு பதிவும் ‘அனுப்ப வேண்டியவை’ என்ற வரிசையில் நிற்கட்டும். செயலி திறக்கும்போதும், சிக்னல் வந்ததாகத் தெரியும்போதும், திறந்திருக்கையில் சில நிமிடத்துக்கு ஒருமுறையும் அனுப்ப முயலுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் எட்டு அல்லது பத்து நொடி எல்லை வையுங்கள். எல்லை இல்லாவிட்டால், பாதி சிக்னலில் ஒரே அழைப்பு தொங்கிக்கொண்டு மற்றவற்றையும் மறிக்கும். பின்னணியில் அனுப்பித் தரும் பேக்ரவுண்ட் சிங்க் வசதி குரோம் வழி வந்த பிரவுசர்களில்தான் இருக்கிறது. அது கிடைத்தால் கூடுதல் உதவி, அதை மட்டுமே நம்பிக் கட்டாதீர்கள்.

சர்வர் பக்கம் ஒரே ஒரு விதி: அதே யுயுஐடி இரண்டாம் முறை வந்தால் புதிதாகச் சேர்க்காமல் ‘கிடைத்தது’ என்று மட்டும் சொல்ல வேண்டும். பதிவு சர்வருக்குப் போய், பதில் திரும்பி வருமுன் ஜீப் வளைவில் திரும்பி சிக்னல் போய்விடும். ஃபோன் மறுபடி அனுப்பும். விதி இல்லையென்றால் ஒருவருக்கு இரட்டைக் கூலி. அடுத்த வாரம் அதைப் பிடித்தம் செய்யும்போது வரும் மனக்கசப்பை எந்த நிரலாலும் சரிசெய்ய முடியாது.

அனுப்பாமல் நிற்கும் எண்ணிக்கையை எப்போதும் திரையின் மேலே பெரிதாகக் காட்டுங்கள்.

8. தமிழும் மலையாளமும் ஒரே திரையில்

காய் எடுப்பவர்கள் தமிழ், ஆபீஸில் மலையாளம். ‘இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே’ என்று ஒரே சொல்லை இரண்டு எழுத்திலும் போட்டுவிடாதீர்கள். மலையாளத்தில் ‘தூக்கம்’ என்றால் எடை. அதை அப்படியே தமிழில் எழுதிப் பட்டனில் வைத்தால் என்ன பொருள் வரும் என்று நமக்குத் தெரியும். ஒவ்வொரு மொழியையும் பேசுகிற ஒருவரிடம் சொற்பட்டியலைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பெயர்த் தேடலில் எழுத்துக் குறியீட்டுச் சிக்கல் வரும். தமிழில் ‘பொ’ என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. பொன்னுத்தாயி பட்டியலில் இருந்தும் தேடினால் கிடைக்கமாட்டார். சேமிக்கும்போதும் தேடும்போதும், இப்படிப் பிரிந்தவற்றை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு மாற்றிவிட்டால் தீரும். மலையாளத்தில் அது போதாது. உயிர் சேராத சில மெய்களைக் காட்டும் சில்லு எழுத்துகளுக்கு 2008-இல் யூனிகோடு 5.1 தனிக் குறியீடு கொடுத்தது. அதற்கு முன்பு மெய், சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என மூன்றாக எழுதினார்கள். பழைய கோப்பிலிருந்து பெயர்களை ஏற்றினால் இரண்டும் கலந்து வரும், என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது. நீங்களே ஒரு மாற்று அட்டவணை எழுத வேண்டும்.

ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். பெயரோடு ஊரையும், தோட்டம் கொடுத்த எண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள்.

சீட்டு அச்சடிக்க வேண்டுமென்றால், சின்ன வெப்ப அச்சு இயந்திரங்கள் பலவற்றில் தமிழ் எழுத்தே இருக்காது. சீட்டைப் படமாக வரைந்து அனுப்புங்கள்.

9. அப்டேட்

புதிய சர்வீஸ் வொர்க்கர் இறங்கினாலும், பழையது ஓடும் எல்லாத் திரைகளும் மூடும்வரை அது காத்திருக்கும். ‘சர்வரில் மாற்றிவிட்டேன், ஃபோனில் பழசே வருகிறது’ என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான். காத்திருப்பைத் தாண்டச் சொல்லும் ஸ்கிப் வெயிட்டிங் கட்டளையைப் போட்டு உடனே மாற்றலாம், ஆனால் எடை ஏற்றிக்கொண்டிருக்கும்போது திரை மாறக்கூடாது. ‘புதிய பதிப்பு தயார்’ என்று ஒரு வரி காட்டி, அவர் தட்டும்போது மாற்றுங்கள்.

ஃபோனுக்குள் இருக்கும் தரவின் வடிவத்தை மாற்றும்போது, பழைய வடிவத்தில் வரும் பதிவுகளையும் சர்வர் கொஞ்ச காலம் ஏற்க வேண்டும். யாரோ ஒருவரின் ஃபோனில் போன எடுப்பின், அதாவது முந்தைய காய் எடுப்புச் சுற்றின், பதிவுகள் இன்னும் வரிசையில் நிற்கும்.

10. களத்தில் இறக்குவது

ஒரு முழு எடுப்புக்கு நோட்டும் செயலியும் சேர்ந்தே ஓடட்டும். கணக்கப்பிள்ளைக்கு இரட்டை வேலை, எனவே அதற்கான நேரத்துக்குத் தோட்டக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். ஒவ்வொரு மாலையும் இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் மொத்தத்தைச் சரிசெய்யாமல், எந்த வரியில் வந்தது என்று தேடுங்கள். எனக்கு முதல் வாரத்தில் வந்த வித்தியாசங்களில் ஒன்று கூடையின் எடையைக் கழித்ததா இல்லையா என்பதைப் பற்றியது. நோட்டில் கணக்கப்பிள்ளை மனதிலேயே கழித்து எழுதியிருக்கிறார். அது எந்தப் பக்கத்திலும் இல்லாத விதி, அவரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. பதிவின் வடிவத்தில் ‘கூடை எடை’ என்று ஒரு இடம் சேர்த்தோம்.

எடை ஏறியவுடன் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில், எதிரே நிற்பவருக்குத் தெரியும்படி திரையைத் திருப்பிக் காட்டும் வசதி வையுங்கள். வரிசையில் நிற்பவர் தன் எண்ணைத் தன் கண்ணால் பார்த்து, “சரி தம்பி” என்று சொன்னபின்தான் சேமிக்கும் பட்டன் திறக்க வேண்டும். இரண்டு சம்பள நாட்கள் ஒரு வரிகூடப் பிசகாமல் ஒத்துவந்த பிறகு நோட்டை அலமாரியில் வையுங்கள்.